அப்பா எங்கே போனார்?

(அடுக்கத்தில், ஒரு குடும்பத்துத் தந்தையாரின் முதலாண்டுத் திதியன்று மாலை, வீட்டு முன்னால் இருந்த காப்பிக் களத்தில் நிகழ்ந்த சொற்பொழிவு. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

எல்லாரும் கொஞ்சம் முன்னாடி வாங்க. பின்னால சாக்குல உட்கார்ந்திருக்கிற ஐயா, அந்தக் குல்லாவைக் காதுக்கு மேல ஏத்தி விட்டுக்குங்க. குளிருக்குப் போட்டிருக்கீங்க, சரிதான். ஆனா நான் பெரியகுளத்துல கிளம்பி, கும்பக்கரையைத் தாண்டி, அத்தனை வளைவும் சுத்தி, குடல் தொண்டைக்கு வந்து இங்க ஏறினது உங்க காதுக்காகத்தான். (சிரிப்பு)

வழியில ஓரிடத்துல மண்ணு சரிஞ்சு பாதி ரோட்டை மூடியிருந்தது. டிரைவர் தம்பி இறங்கிப் பாத்துட்டு, "போயிடலாம் சாமி, நீங்க மட்டும் கண்ணை மூடிக்குங்க"ன்னார். மூடினேன். நாற்பது வருஷமா தியானம் தியானம்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன், மனசு ஒரு நிமிஷம் நின்னது இல்லை. இன்னைக்கு நின்னுது. அடுக்கம் ரோட்டுக்கு அந்தச் சக்தி இருக்கு.

வந்தவுடனே ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதை முதல்லயே ஒத்துக்கிறேன். திண்ணையில ஒரு கயித்துக் கட்டில் கிடந்தது. காலை நீட்டலாம்னு போய் நடுக் கட்டில்ல உட்கார்ந்துட்டேன். இவ்வளவு பெரிய வீடு, இவ்வளவு ஜனம், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. மரியாதை! பேசறவரை எப்படி எழுப்பறது? ஆனா ஒரு சின்னப் பையன், இதோ, பாட்டி மடியில இருக்கானே, அவன் நேரா வந்து நின்னான். "அது தாத்தா கட்டில்"னான். நான் தீயை மிதிச்ச மாதிரி எழுந்துட்டேன். அவங்க அம்மா ஓடி வந்து அவனை அதட்டறாங்க. அவனை எதுக்கம்மா அதட்டறீங்க? தப்புப் பண்ணினது நான்.

கவனிச்சீங்களா, அவன் 'தாத்தா கட்டிலா இருந்துச்சு'ன்னு சொல்லலை. தாத்தா கட்டில். அவ்வளவுதான். பெரியவங்க நமக்குத்தான் இலக்கணம் தெரியும், இறந்த காலம் தெரியும்.

இன்னைக்கு என்னைப் பேசச் சொன்ன தலைப்பு 'பிதுர் பக்தி'. நோட்டீஸ்லகூட அதான் போட்டிருக்கு. அது பெரிய தலைப்பு, தைத்திரீய உபநிஷத்துல தொடங்கினா விடிஞ்சுடும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அப்பா எங்கே போனார்? இதைச் சொல்லிட்டு இறங்கிடறேன்.

இந்தக் கேள்வியை முதல்ல கேட்டது நான் இல்லை. நம்ம திண்டுக்கல்லுல படிச்ச ஒரு பையன் கேட்டான். ஆமாங்க, அடுக்கம் எந்த ஜில்லா? திண்டுக்கல். ரேஷன் கார்டுல அதானே போட்டிருக்கு? அதே திண்டுக்கல். 1891-ல சித்தப்பா வீட்டுல தங்கிப் படிக்க ஒரு பையன் வந்தான். பேரு வேங்கடராமன். சொந்த ஊர் திருச்சுழி. படிப்புல பெரிய கெட்டி ஒண்ணும் இல்லை, தூக்கத்துல கெட்டி. ஒருநாள் வீட்டுல எல்லாரும் வெளியே போயிட்டாங்க, இவன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கிட்டான். கதவைத் தட்டறாங்க, இடிக்கறாங்க, ஊரே கூடிடுச்சு. பையன் அசையலை. கடைசியில எப்படியோ கதவைத் திறந்து உள்ளே போய் எழுப்பினா, என்ன கூட்டம்னு கேக்கறான். உங்க பையனும் இப்படித் தூங்கறானா? சந்தோஷப்படாதீங்க, தூங்கறவன் எல்லாம் ரமண மகரிஷி ஆக மாட்டான். (சிரிப்பு)

அடுத்த வருஷம், 1892 பிப்ரவரி. அப்பாவுக்கு ரொம்ப முடியலைன்னு திருச்சுழியிலிருந்து சேதி வருது. ஓடினாங்க. அப்பா சுந்தரமய்யர் போயிட்டார். பையனுக்கு வயசு பன்னிரண்டு. கூடத்துல அப்பாவைக் கிடத்தியிருக்கு. எல்லாரும் அழறாங்க. இவனும் அழறான். அழுதுக்கிட்டே இவனுக்கு ஒரு சந்தேகம். அப்பா இதோ படுத்திருக்காரே, பின்ன ஏன் அப்பா போயிட்டாருன்னு சொல்றாங்க? அதுக்குப் பெரியவங்க ஒருத்தர் சொன்னாராம்: அப்பா இருந்தா நீ வந்ததைப் பாத்து உன்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாரா? கூப்பிடலையே. அதனால அவர் போயிட்டார்.

எப்பேர்ப்பட்ட பதில் பாருங்க. உடம்பு அப்பா இல்லை, கூப்பிடறதுதான் அப்பா. பன்னிரண்டு வயசுப் பையன் அதைப் பிடிச்சுக்கிட்டான். எப்படிப் பிடிச்சான்? மழைக்காலத்துல உங்க தோட்டத்துல அட்டை பிடிக்குமே, அப்படிப் பிடிச்சான். உப்புப் போட்டாலும் விடலை. நாலு வருஷம் கழிச்சு 1896, மதுரையில ஒரு மாடி அறை. திடீர்னு சாவு பயம். படுத்துக்கிட்டான், கையைக் காலை விறைப்பா நீட்டிக்கிட்டான். சரி, இந்த உடம்பு செத்துப்போச்சு. நான் செத்தேனா? அப்பாவைப் பாத்துக் கேட்ட கேள்வியைத் தனக்கே திருப்பிக்கிட்டான்.

அதுக்கப்புறம் வீடு ஒட்டுமா? ஆகஸ்டு 29. அண்ணனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் அஞ்சு ரூபா கட்டணும். அதுல மூணு ரூபா எடுத்துக்கிட்டான், ரெண்டு ரூபாயை வெச்சுட்டு ஒரு சீட்டு எழுதினான். அந்தச் சீட்டுல என்ன எழுதினான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். யாரைத் தேடிப் போறேன்னு எழுதினான்? சொல்லுங்க. (கூட்டம்: "அப்பாவை!") அப்பாவை! தகப்பனைத் தேடித்தான் போறேன்னு எழுதினான். தகப்பன் செத்து நாலு வருஷம் ஆச்சு. பையன் தேடிக்கிட்டுக் கிளம்பிட்டான். செப்டம்பர் ஒண்ணாந்தேதி திருவண்ணாமலை. நேரா உள்ளே போனான். அருணாசலேசுவரர் முன்னால நின்னான். வந்துட்டேன் அப்பான்னான். கேள்வி எங்க ஆரம்பிச்சது? திருச்சுழிக் கூடத்துல. பதில் எங்க கிடைச்சது? அண்ணாமலைக் கருவறையில. அப்புறம் அந்தப் பக்கத்தை விட்டு ஐம்பத்து நாலு வருஷம் நகரலை.

(மைக் சிறிது நேரம் வேலை செய்யவில்லை.)

...கேக்குதா? சரி. மைக்குக்கும் குளிருது.

இங்க இன்னொண்ணு சொல்லணும். நம்ம மலை இருக்கே, இந்தப் பழனிமலைத் தொடரே ஒரு அப்பா-பிள்ளைச் சண்டையில வந்ததுதான். பழம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு வந்து நின்ன பிள்ளை. அப்பன் சமாதானம் சொல்லியும் கேக்கலை. அந்தப் பிள்ளைதான் சுவாமிமலையில அப்பனுக்குக் குரு. நம்ம சாமியைப் பாருங்க! ஒரு மலையில அப்பாகிட்டக் கோபம், ஒரு மலையில அப்பாவுக்குப் பாடம். உங்க வீட்டுலயும் அதானே நடக்குது? தோட்டத்துக்கு உரம் என்ன போடறதுன்னு அப்பனுக்குப் பாடம், பாகம் பிரிக்கச் சொன்னாக் கோபம். ஆனா முருகன் கோவணத்தோட வந்தான். நீங்க பட்டாவோட போறீங்க. (சிரிப்பு) நசிகேதனைப் பாருங்க. அப்பன் கோபத்துல எமனுக்குத் தந்தேன்னு சொல்லிட்டான், பிள்ளை எமன் வாசல்ல மூணு நாள் பட்டினி. எமன் மூணு வரம் தர்றான். முதல் வரம் என்ன கேட்டான்? அப்பாவுக்குக் கோபம் தணியணும், நான் திரும்பிப் போனா என்னை அடையாளம் தெரிஞ்சு பேசணும். பிரம்ம வித்தை எல்லாம் மூணாவதுதான்.

கொடைக்கானல்ல குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கே, 1936-ல கட்டினது. கட்டினது யாரு? லீலாவதி அம்மையார், வெள்ளைக்காரக் குடும்பத்துல பிறந்து நம்ம சமயத்துக்கு வந்தவங்க. இலங்கை சேர் பொன்னம்பலம் இராமநாதனுடைய மனைவி. அந்த இராமநாதனுக்கு ஒரு கதை உண்டு. அவங்க அப்பா கொழும்புல ஒரு சிவன் கோயில் கட்டினார், பொன்னம்பலவாணேசுவரம். மகன் பிற்காலத்துல அதை முழுக்கக் கருங்கல்லுல எடுத்துக் கட்டினார். அப்பா எங்கேன்னு அவரைக் கேட்டா கருங்கல்லைக் காட்டியிருப்பார். எல்லாராலும் அப்படி முடியுமா? முடியாது. நமக்கு வேற வழி இருக்கு. அதுக்கு வர்றேன். குறிஞ்சிப் பூ அடுத்தது 2030. இருக்கிறவங்க பாருங்க.

எங்க விட்டேன்? அப்பா எங்கே போனார்.

இந்த வீட்டுப் பெரியவரைப் பத்திக் கேட்டேன். தைப்பூசம் வந்தா நடந்தே பழனிக்குப் போறவர். தோட்டத்துல முதல் தார் மலைவாழை, பஞ்சாமிர்தத்துக்குன்னு எடுத்து வெச்சுட்டுத்தான் அடுத்த தார் சந்தைக்குப் போகும். அப்பேர்ப்பட்ட ஆளுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போச்சு. பேச்சும் போச்சு. மூணு வருஷம். 'இவ்வளவு பக்தி பண்ணினவருக்கு ஏன் சாமி இப்படி?'ன்னு இங்க ஒரு அம்மா வந்தவுடனே என்கிட்டக் கேட்டாங்க. கேக்கலாம். கேக்கறது தப்பில்லை.

திரும்ப அந்தத் திண்டுக்கல் பையனுக்கே வாங்க. அவருக்கு என்ன ஆச்சு? 1949. இடது முழங்கைக்கிட்ட ஒரு சின்னக் கட்டி. பிப்ரவரியில அறுத்து எடுத்தாங்க. திரும்ப வந்துது. அறுத்தாங்க. புற்றுன்னு தெரிஞ்சுது. டிசம்பருக்குள்ள நாலு தரம் கத்தி வெச்சாச்சு. கையையே எடுத்துடலாம்னு டாக்டர்கள் சொன்னாங்க. வேண்டாம்னுட்டார். பச்சிலைக்காரர் வந்தார், சரின்னார். ஹோமியோபதி வந்துது, சரின்னார். யார் என்ன வைத்தியம் கொண்டுவந்தாலும் அவங்க மனசுக்காகச் சரின்னார். ஆனா தரிசனத்தை நிறுத்தக் கூடாது, வர்றவங்க பாத்துட்டுப் போகணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டார். ஞானிக்கே சர்கோமா. அப்புறம் பக்தனுக்குப் பக்கவாதம் ஏன் வந்துதுன்னு யாரைப் போய்க் கேக்கறது? பக்தி பண்ணினா வியாதி வராதுன்னு எந்தச் சாஸ்திரத்துல போட்டிருக்கு? யாராவது அப்படி உங்ககிட்டச் சொல்லியிருந்தா, அவர் சாமியார் இல்லை, மருந்து விக்கறவர்.

கடைசி நாளன்னைக்கு, ஒரு தொண்டர் பணிவிடை பண்ணிக்கிட்டிருக்கார். அவரைப் பாத்து ரமண பகவான் 'தாங்க்ஸ்'னாராம். அந்தத் தொண்டருக்கு இங்கிலீஷ் தெரியாது, முழிக்கிறார். அப்புறம் பகவானே விளக்கினாராம். வெள்ளைக்காரங்க இப்படி ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க, நாம சந்தோஷம்னு சொல்லுவோம்னு. சந்தோஷம்! உடம்பெல்லாம் வலி. கூட இருந்து துடைச்சு விடறவனுக்குச் சந்தோஷம்னு சொல்றார்.

இந்தப் பெரியவருக்கு அதைச் சொல்லவும் வாய் இல்லை. வாய் போச்சே. இடது கையால என்ன பண்ணுவாருன்னு மருமகப்பொண்ணு சொல்லிச்சு. கஞ்சி குடிச்சு முடிச்சதும் டம்ளரைத் தானே தள்ளி வெச்சுட்டு அவங்க கையை ரெண்டு தட்டுத் தட்டுவாராம். அதுதாம்மா சந்தோஷம். அதே வார்த்தைதான்.

மூணு வருஷம் படுத்த உடம்புல ஒரு படுக்கைப் புண் வரலையாம்! இதுக்கு என்ன அர்த்தம்னு ஆம்பளைங்களுக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கணும். ராத்திரியும். மார்கழி ராத்திரியும். இந்த ஊர்க் குளிர்ல போர்வையை விலக்கி, துடைச்சு, பவுடர் போட்டு, மறுபக்கம் திருப்பி. மூணு வருஷத்துல எத்தனை தரம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. நான் வேன்ல உட்கார்ந்து போட்டுப் பாத்தேன், பயந்துபோய் விட்டுட்டேன். கோயில்ல ஆறு கால பூஜை. இங்க பன்னிரண்டு கால பூஜை. பட்டர் யாரு? இதோ மூலையில சேலைத் தலைப்பைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே, அந்த அம்மா. நோட்டீஸ்ல உங்க பேர் எங்கம்மா? தேடித் தேடிப் பாத்தேன். மகன்கள் பேரு இருக்கு, மருமகன் பேரு இருக்கு, சவுண்டு சர்வீஸ்காரர் பேரு இருக்கு! (சிரிப்பு, கைதட்டல்) சிரிக்காதீங்க. மூத்தவரே, அடுத்த வருஷம் நோட்டீஸ் அடிச்சா அம்மா பேரு மேல வரணும். வரலைன்னா நான் வர மாட்டேன். ரோடு சரியா இருந்தாலும் வர மாட்டேன்.

மகன்களையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவை மழையில ரோடு அடைச்சுக்கிச்சாம். பெரியவருக்கு மூச்சு வாங்குது. வண்டி வராது. டோலி கட்டி, நாலு பேர் தோள் மாத்தி, மண் சரிவைத் தாண்டித் தூக்கிக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் வண்டியில ஏத்தியிருக்காங்க. இடும்பன் ரெண்டு மலையைச் சுமந்தான், காவடின்னு கும்பிடறோம். சிரவணன் அப்பா அம்மாவைச் சுமந்தான், அதுவும் காவடி. தைப்பூசத்துக்கு நடந்தே போன மனுஷனை, அவர் பிள்ளைங்களே காவடியாத் தூக்கினாங்க. அந்த வருஷம் பழனிக்குப் போக முடியலையேன்னு சின்னவர் வருத்தப்பட்டார். அட, போகாட்டி என்னய்யா?

வாழைக்கு முடிக்கொத்து வந்தா என்ன பண்ணுவீங்க? தோண்டி எடுத்துடுவீங்க. பக்கத்து மரத்துக்குப் பரவிடும், தோட்டமே போயிடும். ஒரு வைரஸ் இந்த மலைவாழையை என்ன பாடு படுத்திச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? மரத்துக்கு அந்தச் சட்டம். மனுஷனுக்கு அந்தச் சட்டம் கிடையாது. பயன் இல்லாத அப்பாவை வெச்சுக் காப்பாத்தறதுதான் வீடு. தோட்டம் வேற, வீடு வேற. ஆனா இப்பக் கீழே சில ஊர்ல வீட்டையே தோட்டம் மாதிரி நடத்தறாங்க. காய்க்கலைன்னா தோண்டு. நான் எந்த ஊர்னு சொல்லலை. முழிக்கிறவங்களைப் பாத்தாத் தெரியும்.

இவ்வளவு பேசறேனே, நான் என்ன யோக்கியமா?

எங்க அப்பாவும் படுக்கையில கிடந்தார். நடுக்குவாதம். நாலு வருஷம். யார் பாத்தது? என் தங்கச்சி. நான் ஊர் ஊராப் பேசிக்கிட்டிருந்தேன். என்ன பேசினேன்? பிதுர் பக்தி! அவர் போன அன்னைக்கு ராத்திரி நான் மேடையில. போனை அமத்தி வெச்சிருந்தேன், பேச்சுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு. இறங்கிப் பாத்தா பதினேழு தடவை தங்கச்சி கூப்பிட்டிருக்கு. பதினேழு. போய்ச் சேரும்போது கூடத்துல கிடத்தியிருக்கு. அப்பா என்னைக் கூப்பிடலை. திருச்சுழிப் பெரியவர் சொன்னதுதான். கூப்பிடறதுக்கு இல்லைன்னா அப்பா போயிட்டார்.

(பேச்சாளர் சிறிது நேரம் பேசவில்லை.)

அழலைம்மா. தொண்டையில குளிர் ஏறிக்கிச்சு. அந்த வெந்நீரைக் கொடுங்க.

காரியம் எல்லாம் முடிஞ்சு தங்கச்சி ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்துது. என் பழைய பேச்சு. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அப்பாவுக்கு அதைப் போடணுமாம். போடலைன்னா கை நடுங்க நடுங்க டேப்பைக் காட்டுவாராம். ஒரே கேசட்டு. அதையே நாலு வருஷம். தேய்ஞ்சு என் குரலே கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுச்சு. தங்கச்சிக்கு அது மனப்பாடம், நான் எங்க இருமுவேன்னுகூடத் தெரியும். நான் அங்க இல்லைன்னு நினைச்சேன். அப்பா என்னை ஆறரைக்கு ஆறரை வரவழைச்சிருக்கார். அப்போ யாரு எங்க இருந்தா, யாரு எங்க போனா? எனக்குக் கணக்குத் தெரியலை.

அந்தத் திண்டுக்கல் பையனோட கடைசி நாளுக்கு வர்றேன். 1950 ஏப்ரல் 14. ராத்திரி எட்டு நாற்பத்தேழு. வெளியே அன்பர்கள் அட்சரமணமாலை பாடறாங்க. அவர் கண்ணுல ஒரு துளி நீர். மூச்சு நின்னுது. அந்த நேரம் வானத்துல ஒரு வெளிச்சம் மெதுவா மலைப்பக்கம் நகர்ந்து போச்சு. கார்த்தியே பிரெசோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், உலகப் புகழ் போட்டோக்காரர், அங்க இருந்தார், அவரும் பாத்தார். எல்லாரும் வானத்தைப் பாத்து ஓடினாங்க, அதோ போறார் அதோ போறார்னு. அவர் என்ன சொல்லியிருந்தார்? அதுக்கு முன்னாடி, போகாதீங்க பகவானேன்னு அழுதவங்களுக்கு என்ன சொன்னார்? எங்கே போறது, இங்கேதான் இருக்கேன்னார். அப்பாவைத் தேடிக்கிட்டு மூணு ரூபாயோட வந்த பையன், ஊருக்கே அப்பாவாகி, கடைசியில அந்தக் கேள்விக்கு அவரே பதில். எங்கே போறது? இங்கேதான்.

சொல்லுங்க. எங்கே? (கூட்டம்: "இங்கேதான்!") சத்தம் பத்தலை, பெருமாள்மலைக்குக் கேக்கணும். எங்கே? ("இங்கேதான்!") ரொம்பக் கத்திட்டீங்க, காட்டுமாடு வந்துடப் போகுது. (சிரிப்பு)

மணி எட்டரை ஆயிடுச்சு. சமையல்காரர் அங்கேருந்து கரண்டியைக் காட்டறார். தீபாராதனையை முடிச்சுடுவோம். அம்மா, நீங்க வந்து ஏத்துங்க. மகன் இல்லை, நீங்க. வாங்க, கூச்சப்படாதீங்க.

கீழே உட்கார்ந்து சாப்பிட என் முட்டி ஒத்துக்காது. திண்ணையில அந்தக் கட்டில்தான் இருக்கு. உரியவங்ககிட்டக் கேட்டுடறேன். தம்பி, தூங்கிட்டியா? இல்லையா? நான் அந்தக் கட்டில்ல உட்கார்ந்து சாப்பிடலாமாடா கண்ணு? உரக்கச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்.

(சிறுவன்: "ஓரமா உக்காருங்க.")